ஓடை நடுவே ஓடிய கோடு: மோட்லராய்ட் கிராமத்தின் கதை

(காட்சி: புல்வெளி நடுவே சிறு ஓடை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.)

இந்த ஓடையின் பெயர் டான்பாக். காலை எட்டி வைத்தால் தாண்டிவிடலாம். செருப்பு நனையுமா என்பதுதான் கவலை. ஆனால் 1952 முதல் 1989 வரை, கிழக்குக் கரையிலிருந்து இதைத் தாண்ட நினைத்தவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

ஊரின் பெயர் மோட்லராய்ட். ஜெர்மனியில், ஹோஃப் நகருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஊர் மொத்தத்துக்கும் ஐம்பது பேர் தேறினால் அதிகம். ‘ராய்ட்’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். பைராய்ட் நகரமும் அப்படித்தான். காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். அப்படிக் காடு திருத்தி உட்கார்ந்த விவசாயிகளின் ஊர் இது. பெர்லின் நகரைப் போலவே நடுவே சுவர் வைத்துப் பிரித்த ஊர் என்பதால் இதற்கு அமெரிக்க ராணுவத்தினர் வைத்த பட்டப் பெயர் ‘குட்டி பெர்லின்’.

(காட்சி: பாசி படிந்த எல்லைக் கல், அருகிலிருந்து.)

ஊரைப் பிரித்த இந்த எல்லைக் கோட்டை முதலில் போட்டது யார்? ரஷ்யரும் அமெரிக்கரும் என்று நினைத்தால் தப்பு. 1810இல் பைராய்ட் வட்டாரம் பவேரிய அரசின் கைக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் என்ற குட்டி சமஸ்தானம். இரண்டுக்கும் எல்லையாக இந்த ஓடையையே வைத்து, கரையோரம் கல் நட்டார்கள். கல்லின் ஒரு முகத்தில் பவேரிய முடியரசின் முதலெழுத்துகள், மறுமுகத்தில் ராய்ஸ் சமஸ்தானத்தின் முதலெழுத்துகள். கற்களில் சில இன்றும் நிற்கின்றன.

சரி, ஊர் இரண்டாகிவிட்டதா என்றால், இல்லை. வரி கட்டும் இடம் வேறு, ராஜா வேறு, அவ்வளவுதான். பள்ளிக்கூடமும் மதுக்கடையும் கிழக்குக் கரையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மேற்கே டோப்பன் ஊருக்குப் போவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கரை பார்த்து நடக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ராஜாக்கள் போனார்கள். 1920இல் ராய்ஸ் பகுதி துரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது. அப்போதும் ஓடை வெறும் ஓடைதான்.

1945இல்தான் அந்தப் பழைய கோட்டுக்குப் புது அர்த்தம் வந்தது. தோற்ற ஜெர்மனியை வென்றவர்கள் பங்கு போட்டபோது புதிதாகக் கோடு வரையச் சோம்பல்பட்டு, பல இடங்களில் பழைய மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். பவேரியா அமெரிக்கர்களுக்கு, துரிங்கியா சோவியத்துக்கு. 1948இல் மேற்கில் ஒரு நாணயம், கிழக்கில் வேறு நாணயம். பக்கத்து வீட்டுக்காரரிடம் முட்டை வாங்கினால் எந்தக் காசு கொடுப்பது? 1949இல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று இரண்டு தனி நாடுகளே பிறந்துவிட்டன. அப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருந்தால் ஓடையைக் கடக்க முடிந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், பெரியவர்கள் வயலுக்குப் போனார்கள்.

(காட்சி: வரைபடம். எல்லையை ஒட்டி மூன்று பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன.)

1952 மே மாதக் கடைசியில் கிழக்கு ஜெர்மன் அரசு எல்லையை அடைத்தது. இந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எல்லையை ஒட்டிப் பத்து மீட்டர் அகலத்துக்கு உழுது போட்ட வெற்று மண். கால் வைத்தால் தடம் தெரிய வேண்டும் என்பதற்காக. அடுத்து ஐநூறு மீட்டர் காப்புப் பட்டை. அதற்கும் பின்னால் ஐந்து கிலோமீட்டர் தடை மண்டலம். கிழக்கு மோட்லராய்ட் முழுவதும் அந்த ஐநூறு மீட்டருக்குள் மாட்டிக்கொண்டது. சொந்த வீட்டில் இருக்கவே அடையாள அட்டையில் தனி முத்திரை வேண்டும். வெளியூர் உறவினர் வர வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இருட்டிய பிறகு நடமாட்டம் கூடாது. எல்லையோர வயலில் வேலை என்றால் பகல் வெளிச்சத்தில், காவலர் கண் முன்னால்.

ஆட்சியாளர்களின் நம்பிக்கையைப் பெறாதவர்கள் எல்லையோரத்தில் இருக்கவே கூடாது என்றும் முடிவானது. அந்த ஜூன் மாதம் எல்லை நெடுகிலும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான் கட்ட சில மணி நேரம், சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இந்த நடவடிக்கைக்கு வைத்த ரகசியப் பெயர் என்ன தெரியுமா? ‘புழுபூச்சி’. மக்களைப் பற்றி அவர்கள் நினைத்தது பெயரிலேயே இருக்கிறது. மோட்லராய்டிலும் சிலர் வண்டி வருவதற்குள் ஓடையைத் தாண்டி மேற்குக்கு வந்துவிட்டார்கள். எதிர்க் கரையில் நின்றால் விட்டு வந்த வீடு தெரியும்.

முதலில் மரப்பலகை வேலி, பிறகு முள்கம்பி. 1966இல் கான்கிரீட் சுவரே வந்தது. நீளம் 700 மீட்டர், உயரம் 3.3 மீட்டர்.

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளுக்கு இடையே கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் எல்லை இருந்தது. அதில் பெரும்பகுதி கம்பி வேலிதான். அப்படியிருக்க ஐம்பது பேர் ஊருக்கு ஏன் இவ்வளவு கான்கிரீட்? கம்பி வேலிக்குள் பார்வை போகும். இங்கே வீடுகள் ஓடையை ஒட்டி எதிரெதிரே இருந்தன. ஆள் தாண்டுவதைத் தடுத்தது போதாது, கண் தாண்டுவதையும் தடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் மேற்குக் கரையில் கொஞ்சம் மேடேறினால் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியும். மேற்கிலிருந்து கை அசைப்பார்கள். கிழக்கிலிருப்பவர் பதிலுக்குக் கை அசைப்பது தடை செய்யப்பட்டிருந்தது, அசைத்தால் விசாரணை. தூரத்திலிருந்து சொந்த அண்ணன் கையை ஆட்டும்போது தம்பி பாராததுபோல் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். சுவரைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

இன்னொரு விஷயம். சுவரும் எல்லையும் ஒன்றல்ல. எல்லை என்பது ஓடை. சுவரோ அதற்குச் சற்று உள்ளே, கிழக்கு மண்ணில் நின்றது. இடையில் இருந்த துண்டு நிலமும் கிழக்குடையதுதான். மேற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஆர்வத்தில் ஓடையைத் தாண்டிச் சுவரைத் தொட்டால், வேறொரு நாட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவார்.

எழுபதுகளில் இரு ஜெர்மனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு எல்லையோர மேற்கு மக்கள் கிழக்கு மாவட்டங்களுக்குப் போய்வர வழி செய்தன. மேற்கு மோட்லராய்ட்காரர் அனுமதி வாங்கி, வேறொரு சோதனைச் சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகலாம். ஆனால் கிழக்கு மோட்லராய்டுக்குள் மட்டும் போக முடியாது, அது தடை மண்டலம்! எதிர்வீட்டு உறவினரைப் பார்க்க, இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பி மூன்றாவது ஊரில் சந்திக்க வேண்டும்.

சுவர் ஏறித் தப்பியவர் ஒருவர் உண்டு. 1973 மே மாதம், இடத்தின் நெளிவுசுளிவு தெரிந்த ஒரு ஆள் ஏணியோடு வந்து தாண்டிவிட்டார்.

(காட்சி: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பனிக்காலம், சுவர், கோட் அணிந்த கூட்டம்.)

மேற்குப் பக்கமோ வேடிக்கை பார்க்கும் இடமாகிவிட்டது. பேருந்துகளில் ஆட்கள் வருவார்கள், சுவரைப் படம் எடுப்பார்கள், போவார்கள். 1983 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் வந்தார். பெர்லினில் கென்னடி ‘நானும் ஒரு பெர்லின்காரன்’ என்று சொன்னது நினைவிருக்கும் அல்லவா? புஷ் அதையே திருப்பி, நானும் ஒரு மோட்லராய்ட்காரன் என்றார். ஜெர்மன் மொழியிலேயே.

1989 நவம்பர் 9 அன்று பெர்லினில் சுவர் திறந்தது. உலகமே ஆடியது, மோட்லராய்ட் காத்திருந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9ஆம் தேதிதான் இங்கே நடந்து கடக்க வழி திறந்தார்கள். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு இரு கரைக்காரர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். சுவர் எழும்பிய பின் பிறந்த பிள்ளைகள் எதிர்வீட்டைத் தரைமட்டத்திலிருந்து பார்த்ததே அன்றுதான்.

1990 ஜூன் 17 அன்று பெரிய இயந்திரம் வந்து சுவரை இடித்தது. 1953இல் அதே தேதியில்தான் கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மேற்கு ஜெர்மனி அந்த நாளை விடுமுறையாகவே கொண்டாடி வந்தது. சுவர் முழுவதையும் இடித்துவிடவில்லை. நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டுவைத்து, காவல் கோபுரத்தோடு சேர்த்து அதே ஆண்டில் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். தன்னைச் சிறை வைத்த சுவரை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் மனம் வராது.

(காட்சி: இன்றைய ஊர். குளம், ஓட்டு வீடுகள், பின்னணியில் வெள்ளைச் சுவர்.)

சரி, இப்போது ஊர் ஒன்றாகிவிட்டதா? நாடு ஒன்றானது, ஊர் ஒன்றாகவில்லை! ஓடை இன்றும் பவேரியா, துரிங்கியா மாநிலங்களின் எல்லை. மேற்குக் கரை டோப்பன் ஊராட்சியில், கிழக்குக் கரை கெஃபெல் நகராட்சியில். அஞ்சல் குறியீடு இங்கே 95183, அங்கே 07926. எதிர்வீட்டுக்குத் தரைவழி போனில் பேச வெளியூர்க் குறியீட்டைச் சேர்த்து அழுத்த வேண்டும். கார்களின் எண் பலகைகூட வேறு. வணக்கம் சொல்வதிலும் வித்தியாசம் உண்டு: மேற்கில் ‘குரூஸ் காட்’ என்று கடவுளை இழுப்பார்கள், கிழக்கில் ‘கூட்டன் டாக்’, அதாவது நல்ல நாள். அப்புறம் விடுமுறை. அக்டோபர் 31 மத சீர்திருத்த நாள். துரிங்கியாவுக்கு லீவு, பவேரியாவுக்கு இல்லை. மறுநாள், நவம்பர் 1, புனிதர்கள் நாள். பவேரியாவுக்கு லீவு, துரிங்கியாவுக்கு இல்லை. முதல் நாள் கிழக்குக் கரை தூங்கும்போது மேற்குக் கரை வேலைக்குக் கிளம்புகிறது. அடுத்த நாள் அப்படியே தலைகீழ்.

(காட்சி: ஓடைமேல் சிறு பாலம். ஒரு சைக்கிள் நிற்காமல் கடந்து போகிறது.)