யானை வயித்துல வந்த நீலம்

வணக்கம் மக்களே! நகத்துல இருக்கறது மருதாணி இல்ல, சொட்டு நீலம். கதையே அதுதான்.

போன வீடியோவுல சொன்னேன்ல, கைக்குழந்தைங்களும் தனியா நிக்கிற அம்மாக்களும் இருக்கற ஒரு இல்லத்துல மராமத்து வேலைக்குப் போறேன்னு. பேர், தெரு எதுவும் கேக்காதீங்க. குழந்தைங்க முகமும் வராது. 2015 சிறார் நீதிச் சட்டத்துல பிரிவு 74 இருக்கு, அடையாளம் தெரியற மாதிரி எதையும் வெளிய விடக் கூடாது. அதனால இன்னைக்கு நீங்க பாக்கப் போறது வெறும் சுவரு. சுவத்தை மட்டும் காட்டி எப்படி வீடியோ போடறதுன்னு எங்க அம்மாவே சிரிக்குது.

தொட்டில் குழந்தை திட்டம் 1992ல நம்ம சேலத்துலதான் ஆரம்பிச்சது, தெரியும்ல? அதனால இந்த மாதிரி இடம்னாலே தொட்டில்ல போட்டுட்டு ஓடிடுவாங்கன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அப்படி இல்லியாம். வார்டன் அம்மா சொன்னாங்க, ஒரு தாய் குழந்தையை முறைப்படி ஒப்படைச்சா குழந்தைகள் நலக் குழு முன்னாடி எழுதிக் குடுக்கணும், அப்புறம் மனசு மாற 60 நாள் டைம் உண்டு. தத்தெல்லாம் அதுக்கப்புறம்தான்.

சரி, சுவரு. ரெண்டு வருசம் முன்னாடி யாரோ ஒரு குரூப் வந்து குழந்தைங்க ரூம்ல பெரிய யானை வரைஞ்சு, கீழ அவங்க பேரை யானைய விடப் பெருசா எழுதிட்டுப் போயிருக்காங்க. எனக்கு இந்த கார்ட்டூன் சுவரு சுத்தமாப் பிடிக்காது, பழைய ஆளுங்களுக்குத் தெரியும். ஓதம் அடிக்கிற சுவத்து மேலயே பெயின்ட்! யானை வயிறு உப்பி, பொத்துனு விழுந்து, அந்த ரூமே பூஞ்சை நாத்தம். குழந்தைங்களை எதிர் ரூமுக்கு மாத்திட்டாங்க.

ஒரு கான்ட்ராக்டர் வந்து பாத்துட்டு, வெளிச்சுவரு பூரா வாட்டர்ப்ரூஃப் பண்ணணும், 42,000 ரூபான்னுட்டாராம். நானும் தலையாட்டிட்டேன். அதான் என் லட்சணம்.

அங்க தங்கியிருக்கற ஒரு பொண்ணு, இடுப்புல பாப்பாவோட நின்னு பாத்துட்டே இருந்தா. "அக்கா, மழையே பெய்யலயே, எப்படி ஈரம்? மேல பாத்ரூம் தானே"ங்கறா. சித்தாள் வேலை பாத்தவளாம். அவ சொன்னபடி மேல பாத்ரூம் தரையில தண்ணி வெளிய போற ஓட்டையை, அதான் நாணி ட்ராப்பை, துணி வச்சு அடைச்சு, தண்ணி தேக்கி, பாட்டில் சொட்டு நீலத்தையும் கொட்டிட்டு வந்தோம். காலையில ஓடிப் போய்ப் பாத்தா, யானை வயித்துல நீலக் கோடு! நான் கத்தின கத்துல எதிர் ரூம்ல ரெண்டு குழந்தை முழிச்சு, வார்டன் அம்மாகிட்ட செம டோஸ்.

நாலு டைல்ஸை ஒடைச்சுப் பாத்தா, ட்ராப்பைச் சுத்தி சிமெண்டே இல்ல. புது ட்ராப் 140, ப்ளம்பர் கூலி 900, கெமிக்கல், டைல்ஸ் இடுக்கை அடைக்கிற க்ரௌட் 480, டைல்ஸ்... டைல்ஸ் மேட்ச் ஆகல, கடை கடையா ஏறிட்டேன். ரெண்டு வெள்ளை, ரெண்டு பச்சை. கண்ணை உறுத்துது, அதைப் பேசாதீங்க. டைல்ஸ் 120. மொத்தம் 1,640. நீலத்தையும் சேத்தா 1,660!

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ஜன்னல் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டு இருந்தேன்ல, ஷார்ட்ஸ்ல பாத்திருப்பீங்க. தப்பு! பழைய எனாமல்ல ஈயம் இருக்கலாம். பெயின்ட்ல 90 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல, ஈயம் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு, இந்த ஜன்னலு அதுக்கு ரொம்ப முந்தி. அந்தத் தூசி குழந்தை வாய்க்குள்ள போனா மூளை வளர்ச்சியே கெடும். கமெண்ட்ல திட்டினவங்களுக்கு நன்றி. இப்ப தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டுச் சுரண்டி, ஈரத் துணியால தொடைக்கிறேன்.

யானை போச்சு. முழுக்கச் சுரண்டியாச்சு. ஆனா சுவரு காயாம பட்டி பாக்கக் கூடாது, ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து வச்சிருக்கோம். அதனால "முன்னாடி, பின்னாடி" ஷாட் இந்த வாரம் கிடையாது. பின்னாடி ஷாட்டுன்னா இப்போதைக்கு வெறும் செங்கல்தான்.

அந்தப் பொண்ணுகிட்ட உன் குரலையாவது போடட்டுமான்னு கேட்டேன். "வேணாங்க்கா, ஊர்ல யாராச்சும் பாத்துருவாங்க"ன்னா. அதான் நானே சொல்லிட்டேன். பட்டி பாக்கற அன்னைக்கு மேஸ்திரி அவதான், கூலியும் பேசியாச்சு, அவ கேட்டது 700, நான் குடுக்கறது 900. ஞாயித்துக்கிழமை கொசுவலை அளவெடுக்கப் போகணும். டேப்பை வழக்கம்போல அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.