வேத நூலுக்கு ஒரு கோப்பு வடிவம்: வசன எண்ணை எங்கே வைப்பது?

[திரையில்: ஆதியாகமம், 2ஆம் அதிகாரம், 4ஆம் வசனம்]

விவிலியத்தைக் கணினிக் கோப்பாக்க முனைபவர் முதலில் வரையும் அமைப்பு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: நூலுக்குள் அதிகாரம், அதிகாரத்துக்குள் வசனம், வசனத்துக்குள் சொற்கள். திரையில் தெரியும் இந்த ஒரு வசனமே அந்த அமைப்பை உடைத்துவிடுகிறது. இதன் முற்பாதி படைப்பின் வரலாற்றை முடித்துவைக்கிறது. பிற்பாதியில் ஏதேன் தோட்டத்தின் கதை தொடங்குவதாகக் கொண்டு, பல மொழிபெயர்ப்புகள் வசனத்தின் நடுவிலேயே புதிய பத்தியைத் தொடங்குகின்றன. உரையின் பகுதிகளைத் தொடக்க, முடிவுக் குறிகளுக்குள் அடைத்துக் காட்டும் எக்ஸ்.எம்.எல். மொழியோ ஒரு கூறு இன்னொன்றுக்குள் முழுமையாக அடங்க வேண்டும் என்கிறது; பாதி உள்ளே, பாதி வெளியே என்பதை அது ஏற்பதில்லை.

இந்த முரண் வியப்புக்குரியது அன்று. இன்று வழங்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கான்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டனோடு தொடர்புடையது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களோ 1551இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. மூல ஆசிரியர்கள் எண்ணிட்டு எழுதவில்லை. எபேசியர் முதல் அதிகாரத்தின் 3 முதல் 14 வரையிலான வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம்.

[திரையில்: பத்தியின் நடுவே இரண்டு சிறு குறிகள்]

ஆகவே பத்தியைக் கொள்கலனாகவும், வசன எண்ணைச் சாலையோர மைல்கல்லாகவும் கொள்வதே சரியான வழி. மைல்கல் சாலையைத் துண்டாக்குவதில்லை. ஓசிஸ் என்னும் எக்ஸ்.எம்.எல். வடிவம் வசனம் தொடங்கும் இடத்தில் ஒரு வெற்றுக் குறியையும், முடியும் இடத்தில் அதே அடையாளம் தாங்கிய இன்னொரு குறியையும் வைக்க இடமளிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பாராடெக்ஸ்ட் மென்பொருளில் கையாளும் யூ.எஸ்.எஃப்.எம். இன்னும் எளியது: பின்சாய்வுக்கோடு, ஓர் எழுத்து, எண், அவ்வளவுதான். அடுத்த எண் வந்தால் முந்தைய வசனம் முடிந்ததாகப் பொருள். பார்வைக்குக் கரடுமுரடானாலும், எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்க முடிவது சிறிய நன்மை அன்று.

எண்ணும் எப்போதும் ஓர் எண்ணாக இராது. தமிழைப் போல வினைமுற்று இறுதியில் வரும் மொழிகளில், முதல் வசனத்தின் செய்தி இரண்டாவதற்குப் பின்னால் செல்ல நேரும்போது, மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் இணைத்து "1-2" என்று குறிப்பதுண்டு. பழைய கைப்படிகளில் காணப்படாத மத்தேயு 17:21ஐப் பல புதிய பதிப்புகள் அடிக்குறிப்புக்கு நகர்த்திவிடுவதால், 20க்குப் பின் 22 வருவதைப் பிழையென்று அறிவிக்கும் சரிபார்ப்பு நிரல்தான் பிழையானது.

எண்முறையும் மரபுக்கு மரபு மாறும். எபிரேயத்தில் மல்கியாவுக்கு 3 அதிகாரங்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும் 4. எபிரேய மரபின் 9, 10ஆம் சங்கீதங்களைக் கிரேக்க மரபு ஒன்றாக எண்ணுவதால், மேய்ப்பனைப் பாடும் 23ஆம் சங்கீதம் அங்கே 22 ஆகிறது. எனவே எந்த எண்முறையைப் பின்பற்றுகிறது என்பதைக் கோப்பு தன் தலைப்பகுதியிலேயே அறிவிக்க வேண்டும்; மரபுகளை இணைக்கும் அட்டவணை தனிக் கோப்பாக இருப்பது நல்லது.

[திரையில்: "கொ", இரண்டு முறை]

தமிழ்க் கோப்புக்கு இன்னொரு கவனமும் தேவை. இவை இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆனால் முதலாவதில் உயிர்க்குறி ஒரே குறியீடு, இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைச் செய்யாமல் விட்டால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடைக்காமல் போகலாம். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று அறியக் கணக்கிடும் சரிபார்ப்புத் தொகையும், எழுத்து மாறாத இரு பிரதிகளுக்கு வேறுபடும். யுனிகோடு வகுத்த இயல்பாக்கத்தை முதலில் செய்து, அதன் பின்னரே அத்தொகையைக் கணக்கிட வேண்டும்.