கேஸ் பிக்கப்பில் 8 கிலோவோடு ஏன் நின்றுவிடுகிறது?

வணக்கம் நண்பர்களே. பங்க்குக்குள் போனை வெளியே எடுக்கக் கூடாது என்பதால், வண்டியைச் சாலையோரம் புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். லாரி இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு சி.என்.ஜி., அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் பிக்கப்புக்குக் கேஸ் பிடிப்பது, அதைப் பராமரிப்பது, இவ்வளவுதான் பேச்சு. என் வண்டி மாருதி சூப்பர் கேரி. கம்பெனியிலேயே கேஸ் பொருத்தி வந்தது. சிலிண்டர் 70 லிட்டர் கொள்ளளவு, பெட்ரோல் டேங்க் வெறும் 5 லிட்டர். கேஸில் ஓடும் குட்டியானை வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

"அண்ணே, நேற்று 10 கிலோ ஏறியது, இன்று 8 கிலோவோடு நின்றுவிட்டது, பங்க்கில் ஏமாற்றுகிறார்களா?" இதைக் கேட்காத ஆளே இல்லை. பெரும்பாலும் ஏமாற்று வேலை கிடையாது. சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வந்ததும் மெஷின் நின்றுவிடும். அழுத்தம்தான் அதற்குக் கணக்கு, எத்தனை கிலோ போயிருக்கிறது என்பது பிறகு திரையில் தெரியும் விஷயம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதேபோல வேகமாகக் கேஸ் ஏறும்போது சிலிண்டரும் உள்ளே சூடாகிறது. சூடான வாயு குறைந்த எடையிலேயே 200 பாரைத் தொட்டுவிடும். 70 லிட்டர் சிலிண்டர் குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 11 கிலோ கொள்ளும். மத்தியான வெயிலில், தார்ச்சாலையின் அனலில் ஓடிவந்து பிடித்தால் அதில் ஒரு கிலோவுக்கு மேலேயே குறையலாம். சாயங்காலம் வண்டி ஆறியதும் அளவுமானி கீழே இறங்கியிருக்கும். "கசிகிறதோ" என்று பதறிப்போய் மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் பலர், உண்மையில் அங்கே வாயு குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நான் விடியற்காலையில்தான் பிடிப்பேன். வரிசையும் குறைவு.

இன்னொரு காரணம் பங்க்கிலேயே இருக்கிறது. எல்லாப் பங்க்குக்கும் குழாய் வழியாகக் கேஸ் வருவதில்லை. குழாய் இல்லாத இடத்துக்கு லாரியில் சிலிண்டர் அடுக்குகளை ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அடுக்கு காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும். உங்களுக்கு முன்னால் நாலு ஆட்டோ, ஒரு பஸ் பிடித்துவிட்டால் உங்கள் முறை வரும்போது 150 பாரிலேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட பங்க்கில் புது லாரி வந்து நிற்கும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்யும் தம்பியிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். இதுதான் கேஸ் ஏற்றும் வாய். ரப்பர் மூடி இருக்கிறதே, இது தொலைந்துவிட்டால் தயவுசெய்து அன்றைக்கே புதிதாக வாங்குங்கள். உள்ளே ஒருவழி வால்வு இருக்கிறது, அதை அடைத்துக் காப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். செம்மண் தூசி ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதும், வளையம் கீறி, நாஸிலைச் சொருகும்போதே 'உஸ்' என்று கேட்க ஆரம்பித்துவிடும். பிடித்து முடித்து நாஸிலின் கைப்பிடியைத் திருப்பும்போது வரும் ஒரே ஒரு 'உஸ்' இயல்பானது, ஹோஸில் மிச்சமிருந்த கேஸ் வெளியேறுகிறது. பிடித்துக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து கேட்டால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பக்கத்தில் இந்தத் தகடு. சிலிண்டர் எண், கொள்ளளவு, கடைசியாகச் சோதித்த தேதி எல்லாம் இதில் பொறித்திருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் நீரழுத்தச் சோதனை செய்தே ஆக வேண்டும். தேதி தாண்டிவிட்டால் கேஸ் போட மாட்டோம் என்று பங்க்கில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பத்தான் வேண்டும். "தம்பி, இந்த ஒரு தடவை மட்டும்" என்று கெஞ்சும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 200 பார் என்பது டயரில் இருக்கும் காற்று அல்ல. கேஸ் பிடிக்கும்போது எல்லோரும் கீழே இறங்கி நிற்கச் சொல்வதும் இதனால்தான். லோடுமேன் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள், எழுப்புங்கள்.

எஞ்சின் பக்கம் வருவோம். 200 பாரில் இருக்கும் வாயுவைச் சில பாராகக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்புவது ரெகுலேட்டர். அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயு கடுமையாகக் குளிரும். ரெகுலேட்டர் உறைந்துபோகாமல் இருக்க, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சூடாக அதன் வழியாக ஓடுகிறது. நம் ஊர் வெயிலில் உறைவதா என்று சிரிக்காதீர்கள். கூலன்ட் குறைந்த வண்டி சித்திரை மாதத்திலும் ரெகுலேட்டர் மேல் பனி பூத்து, இழுவையில்லாமல் திணறும். கேஸ் கிட் கெட்டுவிட்டது என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். டப்பாவை மட்டும், எஞ்சின் ஆறிய பிறகு.

பங்க் கம்ப்ரஸரின் எண்ணெய் கேஸோடு சேர்ந்து கொஞ்சம் வரும். அது கேஸ் ஃபில்டரில் தேங்கும். சர்வீஸில் அதை மாற்றினார்களா என்று பில்லில் பாருங்கள். காற்று ஃபில்டரும் சுத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கேஸ் எஞ்சினுக்குள் போகிற காற்றின் இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்காடு ஏற்றத்தில் லோடோடு போனவர்களுக்கு இழுவை குறையும் அந்த வித்தியாசம் தெரியும். ஸ்பார்க் பிளக் பெட்ரோல் வண்டியைவிடச் சீக்கிரம் தேயும், கேஸைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் வேண்டும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். எஞ்சின் வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயில் கறுக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், கேஸில் ஆயில் அவ்வளவாகக் கறுக்காது, ஆனால் அதன் வலு குறைந்துகொண்டே போகும்.

அந்த 5 லிட்டர் பெட்ரோலை வற்றவிட வேண்டாம். பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்தால்தான் சூடாகாமல் இருக்கும். வாரம் ஒருமுறை சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும், இணைப்புகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற 'நிபுணர்' வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஓடும்போது நாற்றம் வந்தால் வெட்டவெளியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். சி.என்.ஜி.யில் பெரும்பகுதி மீத்தேன்தான், அது காற்றைவிட இலேசானது, திறந்த வெளியில் மேலே போய்விடும். கூரை மூடிய ஷெட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கே கூரைக்கடியில் தேங்கும்.

பழைய கேஸ் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல்/சி.என்.ஜி. என்று இருக்கிறதா பாருங்கள். தகட்டில் இருக்கும் எண்ணும் சிலிண்டரின் மேல் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.