கூரை இல்லாத வீடும் நாண் ஏறாத வில்லும்

(தலைப்பு: ‘பாதியில் இருக்கும் கதை விளையாட்டின் எழுத்தை எடைபோட முடியுமா?’ ‘முடியும்’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, எதிரணி மேல் கோபம் அதிகம். நேரே வருகிறேன். சில கணினி விளையாட்டுகளை முழுசாக முடிக்கும் முன்பே பாதியில் வெளியிட்டு ஆட விடுகிறார்கள். அந்த முன்னோட்டப் பதிப்பில் இருக்கும் வசனத்தை எடைபோடலாமா என்பதுதான் கேள்வி.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: “கூரை போடாத வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு, மழை ஒழுகுதே என்று புகார் சொல்கிற கூட்டம் இது!” கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, கூரை இல்லாதபோதுதானே சுவர் பளிச்சென்று தெரியும்? மேஸ்திரி தூக்குக்குண்டு பிடிப்பது பூச்சுக்கு முன்னாலா, குடிபோன பிறகா?

எழுத்துக்கும் தூக்குக்குண்டு உண்டு. பாத்திரத்துக்கு நீங்கள் பதில் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு சேவ் போடுங்கள், அதாவது ஆட்டத்தை அங்கேயே சேமித்து வையுங்கள். திரையில் மூன்று பதில் இருந்தால், அங்கிருந்தே மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே வசனம் திரும்பி வந்தால் அது தேர்வில்லை, கண்துடைப்பு. குரலை அணைத்துவிட்டு, பெயரையும் மறைத்துவிட்டு வசனத்தைப் படியுங்கள். பேசுவது யாரென்று தெரியவில்லையா? அந்தப் பாத்திரத்தை இத்தனை நாள் சுமந்தவர் நடிகர். தற்காலிக இயந்திரக் குரல், காலியாக விட்ட காட்சி, கதையின் முடிவு எல்லாம் கூரை. அதில் நாங்கள் கை வைக்கவில்லை. ‘ஹேடீஸ்’ என்ற விளையாட்டு 2018 டிசம்பரில் முன்னோட்டமாக வந்தது. கதை முடிவு 2020 செப்டம்பரில்தான் வந்தது. அதுவரை செத்துச் செத்து வீடு திரும்பும் மகனை அப்பா குத்திப் பேசுவது நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்ல முடிவு எதற்கு?

இப்போது வில். ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் வரும் வில். 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் கொடுத்தார்கள். மொத்தம் மூன்று அங்கம். கிட்டத்தட்ட மூன்று வருஷம் மக்கள் அந்த ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதில் ஒரு வீரன், பேர் வில். பேர் வைத்தவர்கள் நாண் ஏற்ற மறந்துவிட்டார்கள்! தன்னை ஊரைக் காக்கும் வாள் என்பான். வாளா, வில்லா, அதை முதலில் முடிவு செய்யப்பா! 2023 ஆகஸ்டில் முழு விளையாட்டு வந்தது. பார்த்தால் வில்லுக்குக் கதை புதுசு, வசனம் புதுசு, குரல் கொடுத்த நடிகரும் புதுசு. ஒருத்தியைக் கொல்லச் சொல்லி அவனுக்குக் கட்டளை; அவளை அவன் கொல்லாமல் விட்டால் தலையில் கொம்பு முளைக்கிறது. நாண் ஏறிவிட்டது!

எதிரணி துள்ளுகிறது: “பார்த்தீர்களா, மாறிவிட்டான்! பாதியில் நீங்கள் சொன்ன தீர்ப்பு செல்லாது!” ஐயா, நன்றாக இருந்ததை யாராவது அடியோடு மாற்றி எழுதுவார்களா? சுவர் கோணல் என்றோம், மேஸ்திரி இடித்துக் கட்டினார். இடித்ததைக் காட்டி, சுவர் நேராகத்தான் இருந்தது என்கிறீர்களே!

சிரித்தது போதும். அந்தப் பழைய வில் எங்கே போனான்? முன்னோட்டத்தில் போட்ட சேவ் எதுவும் முழு விளையாட்டுக்கு வரவில்லை. அவனுக்கென்று யாரோ ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக எழுதினார், ஒரு நடிகர் குரல் கொடுத்தார். அதைக் கேட்டவர்கள் யார்? பாதியில் விளையாடியவர்கள் மட்டும்தான். அவனுக்கு வாய்த்த வாசகர்களே அவ்வளவுதான் நடுவர் அவர்களே. அவர்களையும் “வீடு முடியட்டும், அதுவரை வாயை மூடு” என்றால், அவன் பேசியதை யார்தான் கேட்டார்கள்?

தீர்ப்பு எழுதும்போது அவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.