ஏற்காட்டில் கமேலியா: எந்த மூலையில் நடலாம்?

[காட்சி: காம்பவுண்டு சுவரோரம் ஒரு கமேலியாப் பூச்செடி. கை ஒரு இலையைத் திருப்பிக் காட்டுகிறது.]

இந்த இலையைப் பாருங்கள். மேலெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சத்து போதவில்லை என்று நினைத்து உரத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். கோளாறு சுவரில் இருந்தது. புதுச் சுவர். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மழையில் கரைந்து வேர்ப் பக்கம் இறங்கிவிட்டது.

கமேலியாவும் தேயிலையும் ஒரே பேரினம். அமில மண்தான் பிடிக்கும்; மண்ணின் அமிலத்தைக் காட்டும் பி.எச். எண் 5.5 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு ஏறினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. காப்பி நன்றாக வரும் மண் என்றால் பயமில்லை, சுவரைவிட்டுத் தள்ளி நடுங்கள்.

சேலத்தில் இருந்து பார்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம். கீழே வெயிலும் ராத்திரிப் புழுக்கமும் இதற்கு ஆகாது. அரளி வையுங்கள், அது கொட்டிப் பூக்கும்.

[காட்சி: சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே காலை வெயில்.]

சரி, வெயில். காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் வேண்டாம் என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருக்கும். அங்கே ராத்திரியில் உறைந்த மொட்டு, காலை வெயில் பட்டதும் சட்டென்று உருகிக் கருகும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே எதிரி மேற்கு வெயில். ஏப்ரலில், மதியம் மூன்று மணிக்கு, நட நினைக்கும் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் கழுத்து சுட்டால் இலையும் சுடும். சில்வர் ஓக்கின் சல்லடை நிழல் அருமை, ஆனால் மரத்தை ஒட்டி வேண்டாம். தண்ணீருக்கு வேரோடு வேர் மல்லுக்கட்டும். கிளை கழித்த பிறகு எவ்வளவு நிழல் மிஞ்சும் என்றும் பாருங்கள்.

அப்புறம், ஒன்றரை அடிக் குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். சரிவில் இந்தத் தொல்லை குறைவு. நடும்போது தாய்மண், அதாவது வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண், தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். வேர் மேலாக ஓடும் செடி, ஆழம் போனால் மூச்சு முட்டும். இலைமக்கில் மூடாக்குப் போடலாம், தண்டில் படாமல்.

ஹோஸ் எட்டும் இடமா என்பதையும் பாருங்கள். மொட்டுக் கட்டும் மாதங்களில் காயவிட்டால் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும்.

[காட்சி: மரநிழலில் அதே செடி.]

ஜூன் மழையில் தாய்மண்ணோடு பெயர்த்து இங்கே வைத்தேன். மஞ்சள் இலைகள் தேறவில்லை, உதிர்ந்துவிட்டன. இந்தத் தளிர் மட்டும் நல்ல பச்சை. மொட்டு இன்னும் வரவில்லை.