கடைசிப் பக்கத்தில் நீதி வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

படக்கதைப் புத்தகம் வாங்க வருகிற பெற்றோர் பலர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அங்கே 'நீதி' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தால் அவர்களுக்குத் திருப்தி. இல்லாவிட்டால், "இதுல பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்று வைத்துவிடுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிப்பவள் நான். அந்த நீதி வரி வேண்டாம் என்று உங்களிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் ஒரு படத்தைச் சொல்கிறேன், மனதில் வரைந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மட்டும் அவர்களுக்குப் பின்னால் குழாயடியில் நின்று தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறான். கீழே ஒரே வரி: 'எல்லோரும் சாப்பிட்டார்கள்.' அவ்வளவுதான்.

இந்தப் படத்தை நானே கரும்பலகையில் வரைந்து காட்டுவதுண்டு. வரியைக் கேட்டதும் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். "எல்லாரும் இல்லை டீச்சர், அவன் சாப்பிடலை!" என்று கத்துவார்கள். சரி, ஏன் சாப்பிடவில்லை? ஒருவன், பசிக்கவில்லை என்பான். இன்னொருத்தி, அம்மா ஞாபகம் வந்திருக்கும் என்பாள். ஒரு முறை கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எப்பவும் தட்டைக் கழுவிக்கிட்டே இருந்தா, யாரும் அவனைக் கூப்பிடலைன்னு தெரியாதுல்ல?" இந்தப் பதிலை நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. 'தனியாக இருப்பவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்' என்று கீழே அச்சடித்திருந்தால் அவளும் அதையே ஒப்பித்துவிட்டுப் போயிருப்பாள்.

தனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது குழந்தைகளுக்கு ஏறக்குறைய நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடத் தொடங்குகிறது. குழந்தை உளவியலில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது. படக்கதை அதற்கு அருமையான பயிற்சி. மரத்தடிப் பிள்ளைகள் குழாயடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, பார்க்கிற பிள்ளைக்குத் தெரிகிறது. யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்று அது தவிக்கும்போதுதான் நாம் பக்கத்தைத் திருப்ப வேண்டும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற பக்கங்கள்) இரண்டு. அதற்குள் எந்தப் பக்கத்தைத் திருப்பினால் எது தெரிய வேண்டும் என்று ஓவியர் யோசித்து யோசித்து வைத்திருப்பார். தயவுசெய்து அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள்.

செட்டிநாட்டில் இதற்கு ஒரு தனித் தேவை இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே போனாலும் பெரிய பெரிய வீடுகள், பல பூட்டியே கிடக்கின்றன. விடுமுறைக்கும் கல்யாணத்துக்கும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். வீட்டைக் காவல் பார்க்கிறவர் மகள் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பாள். இரண்டும் ஒரே வயது. ஒன்று பட்டாலையில், அதாவது வீட்டுக்குள் இருக்கிற உயர்ந்த திண்ணையில், டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்க, இன்னொன்று கதவு நிலையில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு தமிழ்ப் படப் புத்தகத்தை விரித்து வைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்து வாசிக்க வராத பேரன் படத்தைப் பார்த்துக் கேட்பான். காவல்காரர் மகள் வரியை வாசித்துச் சொல்வாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள்தான் டீச்சர்.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். தன்னையும் பார்க்க வேண்டும், பிறரையும் பார்க்க வேண்டும். அதனால், பணக்காரப் பிள்ளை ஏழைப் பிள்ளைக்குப் பழைய சட்டை கொடுத்து நல்ல பெயர் வாங்குகிற கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மகளுக்கு எப்படி இருக்கும்? அவள் ஓடுவதும் சண்டை போடுவதும் ஜெயிப்பதும் இருக்கிற புத்தகமாகத் தேடுங்கள்.

"எனக்குக் கண்ணும் தெரியலை, வாசிக்கவும் வராது" என்று அப்பத்தாமாரும் ஆயாமாரும் ஒதுங்க வேண்டாம். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. 1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வில், பெரியவர் கேள்வி கேட்டுப் பிள்ளையைக் கதை சொல்ல வைத்தபோது பிள்ளையின் மொழி நன்றாக வளர்ந்தது. ஆகவே "இவன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று நீங்கள் கேட்டால் போதும், பேரன் சொல்லட்டும். அவன் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்துச் சோறு சாப்பிடும்போது அதைப் பற்றி ஏதாவது கேட்பான்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சென்னையில் தூலிகா, தாரா பதிப்பகங்கள் இருக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் போனிலேயே வாசிக்கலாம். ஆனாலும் சின்னப் பிள்ளைக்குத் தாளில் அச்சான புத்தகமே நல்லது என்பேன். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள முடியும்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரம் இந்தப் பக்கம்தான். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தார் அவர். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகவே ஆகிவிட்டன. இப்படிப்பட்ட ஊர்களில், இத்தனை அறைகள் உள்ள வீடுகளில், பிள்ளைகளுக்கென்று ஒரு புத்தகத் தட்டு இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வருகிற விடுமுறைக்குள் ஏதாவது ஓர் அலமாரியின் அடித்தட்டை ஒழித்துக் கொடுங்கள், பூட்டுப் போடாமல். காவல்காரர் மகளும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பதை வீட்டில் எல்லோர் முன்னாலும் வைத்து அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.