டிரம் இல்லாத மேடை: புளூகிராஸ் திருவிழாவில் ஒரு பேண்டைக் கேட்பது எப்படி?

(திரையில்: புல்வெளியில் மரப்பலகை மேடை. நடுவில் ஒரே ஒரு மைக். ஐந்து பேர் நடந்து வருகிறார்கள்.)

வணக்கம். இந்த மேடையை ஒரு நிமிஷம் நல்லா பாருங்க. கிட்டார், பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், ஆள் உயரத்துக்கு ஒரு டபுள் பாஸ். அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆனா பாட்டு தொடங்கின சில நொடியிலேயே உங்க கால் தானா தாளம் போட ஆரம்பிச்சிடும். டிரம்மே இல்லாத மேடையில அந்தத் தாளம் எங்கிருந்து வருது?

நாம பார்த்துட்டு இருக்கிறது அமெரிக்காவோட புளூகிராஸ் இசை. கோடைக்காலம் வந்தா அங்க பண்ணை நிலத்துலயும் மலையடிவாரத்துலயும் மூணு நாள், நாலு நாள்னு இதுக்கு விழா நடக்கும். ஒரே நாள்ல பேண்ட் மேல பேண்டா மேடை ஏறுவாங்க. பழக்கமில்லாத காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி வேகமா ஓடுற மாதிரிதான் முதல்ல இருக்கும். எதைக் கவனிக்கணும்னு தெரிஞ்சுட்டா ஒவ்வொரு பேண்டும் தனித்தனியா தெரிய ஆரம்பிக்கும்.

(திரையில்: 1, 2, 3, 4 என எண்கள் வரிசையாக ஒளிர்கின்றன.)

நாலு வரைக்கும் எண்ணுங்க. டபுள் பாஸ் ஒண்ணுலயும் மூணுலயும் விழும். ரெண்டுலயும் நாலுலயும் 'சக், சக்'னு வெட்டுற மாதிரி ஒரு சத்தம் கேக்குதா? அது மாண்டலின். கம்பியை மீட்டின உடனே இடது கை விரலை லேசா தளர்த்திடுவாங்க. ஸ்வரம் நீளாம அங்கேயே அறுந்துடும். இதுக்கு 'சாப்'னு பேரு. வேற இசையில டிரம்ஸ்காரர் செய்ற வேலையை இங்க எட்டுக் கம்பி இருக்கிற ஒரு சின்ன வாத்தியம் செய்யுது. கிட்டார் இந்த ரெண்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி. கீழ்க்கம்பியில ஒரு ஸ்வரம், அப்புறம் ஒரு வீச்சு. வரி முடியுற இடத்துல கிட்டார் சட்டுனு ஒரு சின்ன ஓட்டம் ஓடி முற்றுப்புள்ளி வைக்கும். கிட்டார்காரர் லெஸ்டர் ஃபிளாட் பழக்கப்படுத்தின அந்த ஓட்டத்தை இன்னைக்கும் பேண்டுக்குப் பேண்டு கேக்கலாம்.

இது எல்லாத்துக்கும் மேல பாஞ்சோ. ஒரு வளையத்துல தோல் இழுத்துக் கட்டி, அதுக்கு மேல கம்பி போட்டா பாஞ்சோ. அதாவது அதோட உடம்பே ஒரு மேளம்தான். இதோட மூதாதை, அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோட அமெரிக்காவுக்கு வந்த வாத்தியம். வெள்ளைக்கார மலைவாசிகளோட இசைன்னு இதை யாராவது சுருக்கிச் சொன்னா, இந்த ஒரு வாத்தியத்தை நினைச்சுக்கோங்க.

பாஞ்சோவோட ஸ்வரம் ரொம்ப நேரம் நிக்காது, தட்டின உடனே தேய்ஞ்சிடும். அதனால இடைவெளி விடாம வாசிச்சுட்டே இருக்கணும். வட கரோலினாவுல பிறந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்னு மூணு விரலால அதை ஒரு கலையாவே ஆக்கினாரு. கணக்கைப் பாருங்க. ஒரு சுற்றுல எட்டு ஸ்வரம், விரல் மூணு. மூணு விரலும் வரிசையா ரெண்டு தடவை ஓடினா ஆறு, மிச்சம் ரெண்டு. 3, 3, 2ன்னு அழுத்தம் விழும். கீழ பாஸும் மாண்டலினும் நேர்க்கோடா நடக்க, மேல பாஞ்சோ இப்படிச் சாய்ஞ்சு சாய்ஞ்சு ஓடுது. உங்க காலை ஆட்டிவிடுறது இந்த உரசல்தான்.

(திரையில்: நேர்க்கோடாக நான்கு புள்ளிகள். மேலே 3, 3, 2 என மூன்று வளைவுகள்.)

இப்ப குரல். முக்கியப் பாடகருக்கு மேல ஒரு குரல், கீழ ஒரு குரல்னு மூணு பேர் சேர்ந்து பாடுவாங்க. மேல போற டெனார் குரல் எட்டாத உயரத்துல போய் நிக்கும். கொஞ்சம் மூக்கொலி, கொஞ்சம் அழுகை. பாட்டுல வீடு, அம்மா, ரயில், இறந்துபோன காதலின்னு துக்கம் நிறைய. துக்கப் பாட்டை இவ்வளவு வேகமா வாசிக்கிறது முதல்ல வினோதமா தோணும். கேட்கக் கேட்க, அந்த வேகம்தான் அழுகையை உடைஞ்சு போகாமப் பிடிச்சு வெச்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

மேடை நடுவுல ஒரே மைக் வெச்சு வாசிக்கிற பேண்டைப் பார்க்கக் கிடைச்சா, எழுந்து முன்னாடி போயிடுங்க. வானொலிக் காலத்துப் பழக்கம் அது. 1990கள்ல டெல் மெக்கௌரி பேண்ட் அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தாங்க. ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது மைக்குக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான். பாடினவர் அரை அடி பின்வாங்குவாரு, அதே நொடியில ஃபிடில்காரர் உள்ள நுழைவாரு. தனியா வாசிக்கிற அந்த முறைக்கு 'பிரேக்'னு பேரு. முடிஞ்சதும் அவர் ஒரு பக்கமா விலக, பாஞ்சோ இன்னொரு பக்கமா வரும். வில் யாரோட கண்ணுலயும் படக்கூடாது, பாஞ்சோவோட கழுத்து கிட்டார்ல இடிக்கக்கூடாது. பாஸ்காரர் மட்டும் பின்னாடி அசையாம நிப்பாரு. அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு உன்னிப்பாக் கேக்குறாங்கன்னு இதுல கண்ணாலயே பார்க்கலாம்.

(திரையில்: கென்டக்கி மாநில வரைபடம். ரோசின் என்ற சிற்றூர்.)

சரி, இது எங்க தொடங்குச்சு? கென்டக்கியில ரோசின்னு ஒரு சின்ன ஊர். 1911ல அங்க பில் மன்ரோ பிறந்தாரு. வீட்டுல எட்டுப் பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. ஃபிடிலையும் கிட்டாரையும் அண்ணன்மார் எடுத்துக்கிட்டாங்க, இவருக்கு மிஞ்சினது மாண்டலின். அதுலயும் சத்தம் அதிகமா வரக்கூடாதுன்னு நாலு கம்பி மட்டும் போட்டுக்க விட்டாங்களாம். அந்தப் பையன்தான் பிற்காலத்துல இந்த இசைக்கே தகப்பன்னு பேர் வாங்கினாரு. கென்டக்கிக்கு 'புளூகிராஸ் மாநிலம்'னு ஒரு பட்டப்பேர் உண்டு. அதனால தன் பேண்டுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்'னு பேர் வெச்சாரு. 1939ல நாஷ்வில்லோட கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில சேர்ந்தாரு. 1945 கடைசியில ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தப்போ, நாம இதுவரைக்கும் பிரிச்சுப் பார்த்த ஒலி முழுசா உருவாச்சு. பேண்டோட பேரே இசையோட பேராவும் ஆயிடுச்சு.

ஆனா மன்ரோகிட்ட நிறைய பேர் நிலைச்சு இருந்ததில்லை. அந்த பேண்ட் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. நூறு பேருக்கு மேல வந்தாங்க, கத்துக்கிட்டாங்க, கிளம்பிப் போய்ச் சொந்த பேண்ட் தொடங்கினாங்க. 1948ல அந்த பேண்டுல இருந்த கிட்டார்காரர் ஃபிளாட்டும் பாஞ்சோக்காரர் ஸ்க்ரக்ஸும் விலகி 'ஃபாகி மவுண்டன் பாய்ஸ்' தொடங்கினப்போ மன்ரோவுக்கு அது பெரிய காயம். அவங்களோட பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு.

1950கள்ல ராக் அண்ட் ரோல் வந்து பாஞ்சோ, ஃபிடில் பேண்டுகளோட பிழைப்பை அடிச்சுது. இந்த நேரத்துலதான் கார்ல்டன் ஹேனி வர்றாரு. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், மன்ரோவுக்காகவும் வேலை செஞ்சவர். அவருக்குத் தோணின விஷயம் இது: மேடை மேடையா தனித்தனியா வாசிக்கிற இந்த பேண்டுகள் எல்லாமே ஒரே மரத்தோட கிளைகள், அவங்களை ஒரே இடத்துல நிறுத்தினா அந்த மரமே கண்ணுக்குத் தெரியும்.

(திரையில்: குதிரைப் பண்ணை, வேலி, தற்காலிக மேடை.)

1965 செப்டம்பர், தொழிலாளர் தின விடுமுறை. விர்ஜீனியாவுல ரோனோக் பக்கம் ஃபின்காசில், ஒரு குதிரைப் பண்ணை. ஒரு நாள் கூட்டங்கள் அதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. ஆனா புளூகிராஸுக்கு மட்டும்னு பல நாள் நடந்த முதல் விழா இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஹேனி செஞ்சதுதான் பெரிய விஷயம். மன்ரோவை மேடையில நிறுத்தி, அவரோட முன்னாள் ஆட்களை ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கூப்பிட்டாரு. கிளைட் மூடி, மேக் வைஸ்மன், டான் ரெனோ, ஜிம்மி மார்ட்டின், கார்ட்டர் ஸ்டான்லி. அப்ப எல்லாரும் தனித்தனியாப் பேர் வாங்கினவங்க, ஒருத்தருக்கொருத்தர் போட்டி. அன்னைக்கு மன்ரோ பக்கத்துல பழைய இடத்துல நின்னு, பழைய பாட்டைப் பாடினாங்க. கார்ட்டர் ஸ்டான்லி அடுத்த வருஷம் டிசம்பர்ல, 41 வயசுல இறந்துட்டாரு. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது எனக்கு அவர்தான் முதல்ல ஞாபகத்துக்கு வர்றாரு.

வராத ரெண்டு பேர் ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும்.

மன்ரோ 1967ல தன்னோட சொந்த விழாவைத் தொடங்கினாரு. இண்டியானாவுல பீன் பிளாசம்னு ஒரு கிராமம், அங்க 1951லேயே வாங்கிப் போட்ட இடம். அந்த விழா இன்னைக்கும் நடக்குது. 1971 ஜூன்ல லெஸ்டர் ஃபிளாட் அங்க வந்தாரு. 23 வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் கை குலுக்கினாங்க. சேர்ந்தும் பாடினாங்க. கிட்டாரும் மாண்டலினும் மறுபடி பக்கத்துல பக்கத்துல.

விழாக்கள் அப்புறம் பெருகிடுச்சு. கொலராடோவுல 8,750 அடி உயரத்துல, மூணு பக்கமும் மலை சூழ்ந்த டெல்லுரைடுல 1974ல ஒரு விழா தொடங்குச்சு. மரபைத் தளர்த்தின பேண்டுகளுக்கு அது தாய்வீடு. மாண்டலின் கலைஞர் சாம் புஷ் அங்க போனது 1975ல. அதுல இருந்து அந்த மேடையோட முகமே அவர்தான். அங்க புது பேண்டுகளுக்குப் போட்டி உண்டு, ஜெயிச்சா அடுத்த வருஷம் பெரிய மேடை. 2006ல 'கிரீன்ஸ்கை புளூகிராஸ்' அப்படித்தான் மேல வந்தாங்க. வட கரோலினாவுல 1988ல தொடங்கின மெர்ல்ஃபெஸ்ட், கிட்டார் மேதை டாக் வாட்சன் டிராக்டர் விபத்துல பறிகொடுத்த மகன் மெர்ல் நினைவா நடக்குது.

மரபான விழாவுக்குப் போனா மடக்கு நாற்காலியை வீட்டுல இருந்து கொண்டு போகணும். காலையில முன்வரிசையில போட்டுட்டுப் போயிடலாம். காலியா இருந்தா யார் வேணும்னாலும் உட்காரலாம், சொந்தக்காரர் வந்தா எழுந்துக்கணும், அவ்வளவுதான். மேடையில இருந்து இறங்கின கலைஞர்கள் பத்து நிமிஷத்துல மேஜை போட்டு, தங்களோட சிடியைத் தாங்களே வித்துட்டு இருப்பாங்க. போய்ப் பேசலாம்.

(திரையில்: இரவு. கூடாரங்கள், வண்டிகள், தொங்கும் விளக்கு. வட்டமாக நிற்கும் ஆட்கள்.)

ராத்திரி மேடை விளக்கு அணைஞ்ச பிறகு வண்டி நிறுத்துற இடத்துக்கு வாங்க. தச்சர், ஆசிரியர், பன்னிரண்டு வயசுப் பொண்ணு, நாள் பூரா மேடையில வாசிச்ச ஃபிடில்காரர்னு யார் வேணும்னாலும் அந்த வட்டத்துல நிக்கலாம். பாட்டைத் தொடங்குறவர் சுருதியை மட்டும் சொல்லுவாரு. பிரேக் ஒவ்வொருத்தரா சுத்தி வரும். தொடங்கினவர் உங்களைப் பார்த்துத் தலையசைச்சா 'உங்க முறை'. வேண்டாம்னா 'இல்லை'ன்னு லேசா தலையை ஆட்டிட்டு அடுத்தவருக்கு விட்டுடலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. யாராவது மெதுவாப் பாடினா, மத்தவங்க பாடகர் குரல் கேக்குற அளவுக்குத் தங்களோட சத்தத்தைக் குறைச்சுக்கணும். இந்த ஒரு விதியில மட்டும் ரொம்பக் கண்டிப்பு.

எப்ப முடிக்கணும்னு யாரும் வாயால சொல்றதில்லை. பாட்டைத் தொடங்கினவர் கடைசிச் சுற்றுல ஒரு காலைத் தூக்குவாரு. அதை எல்லாரும் பார்த்துடுவாங்க.

(திரையில்: உயரும் ஒரு கால். ஒலி ஒரே இடத்தில் நிற்கிறது. பூச்சிகளின் சத்தம்.)